டயருக்குள் நைதரசன்: காசு கொடுக்கத்தான் வேண்டுமா?

கார்ச் சக்கரத்தில் காற்றடிக்கும் வால்வைக் குனிந்து பார்த்தால் சிலவற்றில் கறுப்பு மூடி இருக்கும், சிலவற்றில் பச்சை மூடி. பச்சை என்றால் அந்த டயருக்குள் நைதரசன் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கண்டியிலிருந்து பேராதனை போகிற வழியிலும் கட்டுகஸ்தோட்டைப் பக்கமும் டயர் மாற்றி, வீல் எலைன்மென்ட் பார்த்துக் கொடுக்கும் கடைகளில் இந்த வியாபாரம் சத்தமில்லாமல் நடக்கிறது. நான்கு புது டயரும் பூட்டி முடிந்ததும் வேலை செய்கிற பையன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்பான்: "நைதரசன் அடிப்பமா சேர், இல்லாட்டி சும்மா காத்தா?" நான்கு டயருக்கும் பெருந்தொகையை எண்ணி வைத்துவிட்டு நிற்பவருக்கு மேலதிகமாகக் கேட்கும் சில நூறு ரூபா பெரிதாகத் தெரியாது. "சும்மா காத்து" என்ற சொல்லும் தன் வேலையைச் செய்துவிடும். புது டயருக்குச் சும்மா காற்றை அடிக்க யாருக்கு மனம் வரும்?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தது. ஐந்து வருடம் பழைய காரைப் பொத்திப் பொத்தி ஓட்டியவர்களும், வீட்டை அடகு வைக்காத குறையாகப் புதுக் கார் எடுத்தவர்களும் இப்போது வாகனத்துக்கு நல்லது என்று சொல்லிக் காசு கேட்டால் கொடுக்கத் தயாராக நிற்கிறார்கள். அந்த மனநிலையில்தான் நைதரசனும் விலைப்படுகிறது. கடைக்காரர் சொல்வது முழுப் பொய் அல்ல. ஆனால் சொல்லாமல் விடுவது நிறைய.

முதலில் சொல்லாமல் விடுவது, சாதாரணக் காற்றே பெரும்பாலும் நைதரசன்தான் என்பதை. நாம் மூச்சு விடுகிற காற்றில் 78 வீதம் நைதரசன், 21 வீதம் ஒட்சிசன், ஒரு வீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகன். இது சாதாரண தரத்துப் பிள்ளையும் விஞ்ஞானப் புத்தகத்தில் படிக்கிற விசயம். ஆக டயர் கடையில் விற்பனையாவது, ஏற்கெனவே 78 வீதமாக இருப்பதைத் தொண்ணூறு சொச்சமாக்குகிற வேலை. மெஷின் நைதரசனை எங்கிருந்தோ கொண்டு வருவதுமில்லை. கடை முற்றத்துக் காற்றையே உள்ளே இழுத்து, ஒட்சிசனைப் பெரும்பகுதி பிரித்து வெளியே விட்டுவிட்டு, மிச்சத்தைக் குழாயில் அனுப்புகிறது.

ஒட்சிசனை நீக்குவதால் என்ன லாபம்? இறப்பர் முற்றாக அடைபட்ட சுவர் அல்ல. உள்ளே இருக்கும் வாயு மெல்ல மெல்ல அதனூடாகக் கசிந்து வெளியேறும். ஒட்சிசன் நைதரசனைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாகக் கசியும். அதனால் நைதரசன் அடித்த டயரில் அழுத்தம் மெதுவாகக் குறையும். இது உண்மை. எவ்வளவு மெதுவாக என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் சஞ்சிகை 2006 செப்டெம்பரில் 31 வகை டயர்களை இரட்டையாக எடுத்தது. ஒன்றில் நைதரசன், மற்றதில் காற்று. எல்லாவற்றிலும் 30 பி.எஸ்.ஐ. அடித்து ஒரு வருடம் வெளியே போட்டுவைத்தது. வருட முடிவில் காற்றடித்தவை சராசரியாக 3.5 பி.எஸ்.ஐ. இழந்திருந்தன, நைதரசன் அடித்தவை 2.2. வித்தியாசம் 1.3 பி.எஸ்.ஐ. அதுவும் பன்னிரண்டு மாதத்துக்கு.

அந்த 1.3ஐ ரூபாவாக மாற்றிப் பார்க்கலாம். நான்கு டயரிலும் அழுத்தம் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் எரிபொருள் சிக்கனம் 0.2 வீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் சொல்லும் கணக்கு. கண்டியில் ஒருவர் வருடத்துக்கு 12,000 கிலோமீற்றர் ஓடுகிறார், லீற்றருக்கு 12 கிலோமீற்றர் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் லீற்றர் பெற்றோல். அவர் வருடம் முழுக்க ஒருதரம்கூடக் காற்றுப் பார்க்காதவராக இருந்தாலும், நைதரசன் மிச்சம் பிடித்துக் கொடுப்பது ஒன்றரை லீற்றருக்கும் குறைவு. தலதா மாளிகைக்கு முன்னால் பாடசாலை விடுகிற நேரத்து நெரிசலில் எஞ்சினை அணைக்காமல் நிற்பதில் அதைவிட அதிகம் போய்விடும். மாதம் ஒருதரம் காற்றுப் பார்ப்பவருக்கோ அந்த ஒன்றரை லீற்றரும் இல்லை.

இந்தக் கணக்கிலும் ஓர் இரக்கம் இருக்கிறது. டயருக்குள் சுத்தமான நைதரசன்தான் போகிறது என்று நம்பிக்கொண்டு போட்ட கணக்கு அது. கடையில் நடப்பதைக் கவனித்தால் விசயம் வேறு. டயரை றிம்மில் ஏற்றி முடித்ததும் உள்ளே வெறுமையாக இருப்பதில்லை, வெளியே இருக்கும் அதே காற்று ஒரு வளிமண்டல அழுத்தத்தில் நிறைந்திருக்கிறது. அதன் மேல்தான் நைதரசன் ஏறுகிறது. 32 பி.எஸ்.ஐ. காட்டும்போது உள்ளே மொத்தமாக மூன்று வளிமண்டலத்துக்குச் சற்று அதிகமான அழுத்தம் இருக்கும். அதில் ஒரு பங்கு பழைய காற்று. மெஷின் நூற்றுக்கு நூறு சுத்தமான நைதரசனைக் கொடுத்தாலும் டயருக்குள் 93 வீதம்தான் சேரும். மெஷின் 95 வீதச் சுத்தத்தில் கொடுத்தால் டயருக்குள் 90. இன்னும் ஏற்ற வேண்டுமானால் அடித்ததை முழுக்க இறக்கி, மறுபடி அடிக்க வேண்டும். வரிசையில் இன்னும் மூன்று வான்கள் நிற்கும் சனிக்கிழமைக் காலையில் எந்தப் பையன் அதைச் செய்வான்? சில கடைகளில் டயர் றிம்மில் பதிந்து உட்காருவதற்குச் சாதாரணக் கொம்பிரசர் காற்றை அடித்து, கடைசிக் கொஞ்சத்தை மட்டும் நைதரசனில் முடிப்பதும் உண்டு. பச்சை மூடிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இன்னொரு எச்சரிக்கையையும் கடையில் சொல்லி அனுப்புவார்கள்: "சேர், வெளிய எங்கயும் காத்து அடிச்சிராதீங்க, குறைஞ்சா இங்கயே வாங்க." சாதாரணக் காற்றுக் கலந்தால் டயர் கெட்டுவிடும் என்ற பயத்தை இது விதைக்கிறது. நைதரசன் டயரில் 3 பி.எஸ்.ஐ. குறைந்து, அதைப் பெற்றோல் ஷெட் காற்றால் நிரப்பினால் உள்ளே ஒட்சிசன் கூடுவது ஏறக்குறைய ஒரு வீதம். எதுவும் கெடாது, எதுவும் வெடிக்காது. இந்தப் பயம்தான் நைதரசன் வியாபாரத்தின் உண்மையான தீங்கு. வாடிக்கையாளர் டயர் தட்டையாகித் தெரிந்தாலும் "நைதரசன் கடைக்குப் போகிற அன்று பார்ப்போம்" என்று நாட்களைக் கடத்துகிறார். கம்பளைக்கு அப்பால், புசல்லாவையில், உடுதும்பறையில் அந்த மெஷினைத் தேடி யார் அலைவது?

ஈரப்பதம் பற்றிய வாதத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் மரியாதை கொடுக்கலாம். கண்டியின் காற்று வருடத்தின் பெரும்பகுதி ஈரம் கனத்தது. கொம்பிரசர் அதை அழுத்தும்போது ஈரம் தண்ணீராகி தாங்கியின் அடியில் தேங்கும். அந்தத் தண்ணீர் குழாய் வழியாக டயருக்குள் போனால், டயர் சூடாகும்போது ஆவியாகி அழுத்தத்தைக் கணக்கில்லாமல் கூட்டும், இரும்பு றிம்மில் துருவும் பிடிக்கும். நைதரசன் மெஷின் காய்ந்த வாயுவைக் கொடுக்கிறது, அது அதன் நல்ல பக்கம். ஆனால் இதற்கு மருந்து நைதரசன் ஒன்றுதான் என்பதில்லை. எட்டு வளிமண்டல அழுத்தத்தில் தாங்கியில் இருந்த காற்று, தண்ணீரை அங்கேயே விட்டுவிட்டு டயருக்குள் மூன்று வளிமண்டலத்துக்கு விரியும்போது, தெருவில் இருக்கும் காற்றைவிடக் காய்ந்ததாகவே இருக்கும். தாங்கியின் அடியில் இருக்கும் சிறு வால்வைக் காலையில் கடை திறந்ததும் ஒருதரம் திறந்துவிட்டால் தேங்கிய தண்ணீர் வெளியேறிவிடும். பழுப்பு நிறத்தில், துருவும் எண்ணெயும் கலந்து, சீறிக்கொண்டு வரும் அந்தத் தண்ணீரைப் பார்த்தவர்கள் அதன் பிறகு எந்தக் கடையில் காற்றடிப்பது என்பதில் கவனமாகிவிடுவார்கள். ஒரு பையனின் அரை நிமிட வேலை அது.

மலைநாட்டுக்கு நைதரசன்தான் பொருத்தம், ஏற்ற இறக்கத்தில் அழுத்தம் மாறாது என்பது அடுத்த விற்பனைப் பேச்சு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கண்டி வாகனத்தின் வாழ்க்கையே ஏற்ற இறக்கம்தான். கப்டன் டோசன் 1820களில் கடுகண்ணாவை மலையை அறுத்து வீதி போட்ட காலத்திலிருந்து கண்டிக்கு மேற்கேயிருந்து வருகிற சக்கரங்களில் பெரும்பாலானவை அந்த ஏற்றத்தை ஏறித்தான் வந்திருக்கின்றன. அவர் 1829இல் இறந்தார். அவர் பெயரில் 1832இல் எழும்பிய கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தெற்கே கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக எண்பது கிலோமீற்றருக்குள் நுவரெலியா, 1,868 மீற்றர். கிழக்கே தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய தாண்டி மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவு. வீதி திருத்தப்பட்டு வளைவுகள் பதினேழாகக் குறைந்த பிறகும் சனங்கள் பதினெட்டு என்றுதான் சொல்கிறார்கள். வடக்கே ஏ-9 கண்டியில் தொடங்கி, மாத்தளை, தம்புள்ளை, வவுனியா என்று இறங்கி 321 கிலோமீற்றரில் யாழ்ப்பாணம்.

இந்தப் பாதைகளில் டயருக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? கண்டியில் 25 பாகை வெப்பநிலையில் 32 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு நுவரெலியா போகிற காரை எடுத்துக்கொள்வோம். மேலே போகப் போக வெளியே வளிமண்டல அழுத்தம் குறைகிறது. கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் அந்தக் குறைவு சுமார் 2 பி.எஸ்.ஐ. மானி காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தானே, ஆகவே மானியில் 2 கூட வேண்டும். ஆனால் மேலே குளிர். இரவு கார் நின்று, காலையில் 14 பாகையில் பார்த்தால், குளிரால் உள்ளழுத்தம் சுமார் 1.7 குறைந்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிட, மானி 32க்குப் பக்கத்திலேயே நிற்கும். மலை தானே கணக்கைச் சரிசெய்து கொடுக்கிறது. இதற்குள் இருப்பது காற்றா நைதரசனா என்று மலை கேட்பதில்லை. பத்துப் பாகை வெப்பநிலை மாறினால் கார் டயரில் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. மாறும். இந்த விதி காய்ந்த காற்றுக்கும் நைதரசனுக்கும் ஒன்றே. பௌதிகம் படித்த எந்த உயர்தர மாணவரும் கரும்பலகையில் போட்டுக்காட்டக்கூடிய சமன்பாடு அது.

இறக்கத்தில் நிலைமை வேறு. றம்பொடையிலிருந்து கீழே, அல்லது கடுகண்ணாவையிலிருந்து மாவனல்லைப் பக்கம் பிரேக்கில் காலை வைத்தபடி இறங்கும்போது, பிரேக் டிஸ்க்கின் சூடு றிம்முக்கு ஏறி, றிம்மிலிருந்து டயருக்குள் போகிறது. காற்றுக் குறைந்த டயர் வளைவில் பக்கவாட்டாக மடிந்து மடிந்து தானும் சூடாகிறது. நைதரசன் டயரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் என்று சொல்வதற்கு இங்கே ஆதாரம் இல்லை. சூடு பிறப்பது இறப்பரும் நூலும் கம்பியும் வளைந்து நிமிர்வதில். உள்ளே இருக்கும் வாயுவின் எடை ஒரு சாதாரணக் கார் டயரில் நூறு கிராம் சொச்சம், அதில் நைதரசனால் குறைவது மூன்று நான்கு கிராம். எட்டுக் கிலோ டயரில் நான்கு கிராம் என்ன செய்துவிடும்? இறக்கத்தில் காப்பாற்றுவது இரண்டாவது கியரும், புறப்படும் முன் சரியாகப் பார்த்த அழுத்தமும்.

விமானங்களில் நைதரசன்தான் அடிக்கிறார்கள், அப்படியென்றால் அதில் ஏதோ இருக்கத்தானே வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது, அந்தக் காரணம் சோகமானது. 1986 மார்ச் 31ஆம் திகதி மெக்ஸிக்கோ நகரத்திலிருந்து கிளம்பிய மெக்ஸிக்கானா நிறுவனத்தின் 940ஆம் இலக்க போயிங் 727 விமானத்தில், ஓடுபாதையில் பிரேக் ஒட்டிக்கொண்டு கடுமையாகச் சூடாகியிருந்தது. சக்கரங்கள் மடங்கி வயிற்றுக்குள் போன பிறகு அந்தச் சூட்டில் டயர் ஒன்று வெடித்து, எரிபொருள் குழாய்களையும் ஹைட்ரோலிக் குழாய்களையும் அறுத்தது. விமானம் மலையில் விழுந்து எரிந்ததில் 167 பேரும் இறந்தார்கள். அந்த டயரில் நைதரசனுக்குப் பதில் சாதாரணக் காற்று அடிக்கப்பட்டிருந்தது. மிதமிஞ்சிய சூட்டில் இறப்பரிலிருந்து எழும் ஆவி, அழுத்தத்தில் இருக்கும் ஒட்சிசனோடு சேர்ந்தால் தானாகவே தீப்பற்றும். மறு வருடம், 1987இல், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பெரிய பயணிகள் விமானங்களின் பிரேக் உள்ள சக்கரங்களில் ஒட்சிசன் 5 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. இருநூறு பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், பல பத்துத் தொன் எடையோடு தரையைத் தொட்டு, சில நிமிடத்தில் உறைபனிக் குளிருக்கு ஏறுகிற சக்கரம் அது. பிலிமத்தலாவைச் சந்தியில் முப்பதில் ஊர்ந்து போகும் வெகன் ஆருக்கு அந்த உத்தரவு பொருந்தாது. விமானம் கேட்கிற 95 வீதத்தை ஒருதரம் அடித்த கார் டயர் எட்டுவதுமில்லை என்பதை மேலே பார்த்தோம்.

பக்கத்து நாட்டில் இது அமைச்சர் மட்டம் வரை போனது. 2019 ஜூலையில், யமுனா அதிவேக வீதி விபத்துகள் பற்றிய கேள்வி வந்தபோது, இந்திய வீதிப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி டயர் இறப்பரில் சிலிக்கன் கலப்பதையும் சாதாரணக் காற்றுக்குப் பதில் நைதரசன் அடிப்பதையும் கட்டாயமாக்கும் யோசனை இருப்பதாக நாடாளுமன்றத்தில் சொன்னார். செய்தி வந்த வாரமே நைதரசனுக்கு நல்ல விளம்பரம். கொங்கிறீட் வீதியில், கோடை வெயிலில், அதிவேகமாகப் போகும்போது டயர் வெடிப்பது நிஜமான பிரச்சினைதான். ஆனால் அதன் காரணம் பெரும்பாலும் தேய்ந்த டயர், குறைந்த அழுத்தம், கூடிய பாரம். இந்த மூன்றில் எதையும் வாயுவை மாற்றித் தீர்க்க முடியாது.

அமெரிக்கர்கள் இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படித்தார்கள். ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் ஜீப்புகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்திலேயே தோல் உரிந்து, வாகனம் குடைசாய்ந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2000 ஓகஸ்டில் இலட்சக்கணக்கான டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயரின் தயாரிப்புக் குறையோடு, அந்த வாகனத்துக்கு ஃபோர்ட் பரிந்துரைத்த 26 பி.எஸ்.ஐ. என்ற குறைந்த அழுத்தமும் விவாதத்துக்கு வந்தது. அந்த விசாரணைகளின் பிறகு அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது, அதன் விளைவாக 2008 மொடல் முதல் எல்லா இலகு வாகனங்களிலும் டயர் அழுத்தம் 25 வீதம் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு கட்டாயமானது. ஐரோப்பாவும் 2014 நவம்பரிலிருந்து புதுக் கார் எல்லாவற்றுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. நைதரசனைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அங்கே யாரும் சட்டம் கொண்டு வரவில்லை.

கண்டி வீதிகளில் ஓடும் கார்களில் கணிசமானவை ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்தவை. ஜப்பானில் அந்த விளக்குக் கட்டாயமில்லை, ஆகவே பலவற்றில் அது இல்லை. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறு ஸ்டிக்கர் இருக்கும். எழுத்து முழுக்க ஜப்பானிய மொழி, இலக்கம் மட்டும் புரியும்: 220, 230, 240. அது கிலோபாஸ்கல். 220 என்றால் 32 பி.எஸ்.ஐ., 240 என்றால் 35. முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று என்று வேறு வேறு இலக்கமும் இருக்கலாம். காற்றடிக்கும் இடத்தில் "எவ்வளவு சேர்?" என்று கேட்டால், அந்த ஸ்டிக்கரைப் பார்த்துச் சொல்பவர்கள் குறைவு. "முப்பது போடு தம்பி" என்பதுதான் வழக்கமான பதில். 35 வேண்டிய காரில் 30 போட்டால் அந்த ஐந்து குறைவு, நைதரசன் ஒரு வருடத்தில் காப்பாற்றித் தரும் 1.3ஐப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. அப்படியான காருக்கு நைதரசனில் முப்பது அடித்துக்கொண்டு, மீரிகமையிலிருந்து குருநாகல் வரை 2022 ஜனவரியில் திறந்த அதிவேக வீதியில் நூறில் போகிறவர்கள் இருக்கிறார்கள். காசும் கொடுத்து, குறைந்த அழுத்தத்திலும் ஓடுகிறார்கள்.

நைதரசனுக்குச் சாதகமாக இன்னும் ஒன்று சொல்லலாம். ஒட்சிசன் இறப்பரை உள்ளிருந்து முதுமையாக்கும், நைதரசன் அதை மெதுவாக்கும். ஆய்வுகூடச் சூட்டறையில் இது தெரிந்த விசயம். வீதியில் டயரின் வெளித்தோல் வெயிலையும் ஓசோனையும் நாள் முழுக்கச் சந்திக்கிறது, அதற்கு எந்த வாயுவும் உதவாது. தவிர, தினமும் ஓடுகிற கார் டயர் முதுமையடையும் முன்பே தேய்ந்துவிடுகிறது. மாதக்கணக்கில் நிற்கிற கார்களுக்குத்தான் இதில் கொஞ்சம் அர்த்தம்: பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருக்க, ஓகஸ்ட் விடுமுறைக்காக மட்டும் உறை நீக்கப்படும் கார்கள் கண்டியில் கணிசம். 2022இல் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் பாய்ந்து, டயர் விலை கைக்கெட்டாமல் போன காலத்தில், வயது போன டயரையும் மறுபடி தோல் போட்ட டயரையும் ஓட்டியவர்கள் இன்னும் அதே டயரில் ஓடுகிறார்கள். டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் செய்தது. அந்த இலக்கத்தைப் பார்க்காமல் வாயுவைப் பற்றிக் கவலைப்படுவது வீண். இறப்பர்க் கன்று 1876இல் இந்த நாட்டுக்கு வந்தபோது அதைப் பொறுப்பேற்றது பேராதனைப் பூங்கா நிர்வாகம். நட்டது ஹெனரத்கொடையில். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே பேராதனை வீதியில் இறப்பருக்குள் என்ன அடிப்பது என்ற குழப்பம்!

ஆக, புது டயரோடு இலவசமாக அடித்துத் தந்தால் வாங்கிக்கொள்ளலாம், கெடுதல் ஒன்றுமில்லை. காசு கேட்டால் வேண்டாம் என்று சொல்லலாம். அதே காசைச் சேர்த்து ஒரு நல்ல கை மானி வாங்கிக் காரில் வைத்துக்கொண்டால் அது பல வருடம் உழைக்கும். இரண்டு கிழமைக்கு ஒருதரம், காலையில், கார் ஓடும் முன் பார்க்க வேண்டும். ஓடிய பிறகு பார்த்தால் சூட்டில் நான்கைந்து கூடுதலாகக் காட்டும், அதைக் கண்டு பயந்து காற்றை இறக்குவது பெரிய பிழை. கண்டியில் விடிகாலையில் 20 பாகையில் 32 வைத்துக்கொண்டு ஏ-9இல் இறங்கினால், வவுனியாவின் 34 பாகை வெயிலில் நிறுத்தி வைத்த டயரே ஒன்றரை கூட்டிக் காட்டும். டயர் அந்த ஏற்றத்தை எதிர்பார்த்துத்தான் செய்யப்படுகிறது.

அரசாங்கம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பெற்றோல் பம்பையும் தராசையும் பரிசோதித்து முத்திரை போடுவதற்கு 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் இருக்கிறது. காற்றடிக்கும் குழாயின் மானியையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். ஒரு கடையில் 32 காட்டும் டயர் அடுத்த கடையில் 28 காட்டுவது ஓட்டுநர்கள் எல்லோரும் அறிந்த கதை. காசுக்கு நைதரசன் விற்கும் கடைகள், தங்கள் மெஷின் எத்தனை வீதச் சுத்தத்தில் கொடுக்கிறது என்பதை விலைக்குப் பக்கத்தில் மூன்று மொழியிலும் எழுதிப்போட வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் டயருக்குள் இருப்பதை அளந்து காட்டவும் வேண்டும், அதற்கான சிறு கருவி சந்தையில் இருக்கிறது. ஏமாற்றும் விற்பனைப் பேச்சைத் தடுக்க 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் போதும். அதிகாரிகள் அரிசி விலையைப் பார்க்கப் போகிற வழியில் ஒரு டயர் கடைக்குள்ளும் எட்டிப் பார்த்தால் சரி.

டிக்கியில் கிடக்கும் ஐந்தாவது சக்கரத்தையும் மறந்துவிடக் கூடாது. நான்கிலும் நைதரசன் அடித்துக்கொள்பவர்களும் அதை மறந்துவிடுகிறார்கள். சிறிய, ஒல்லியான தற்காலிகச் சக்கரமாக இருந்தால் அதற்கு 420 கிலோபாஸ்கல், அதாவது 60 பி.எஸ்.ஐ. வேண்டும். கடையில் முப்பது போட்டு அனுப்பினால், றம்பொடை மழையில் ஜாக்கி வைத்து மாற்றுகிறபோது அது பாதி வெறுமையாகத்தான் இருக்கும்.